அந்தக் குண்டு எங்கே விழுந்தது?

சாரல் காலத்தில் நாலு நாளாவது குத்துக்கல்வலசைக்குப் போய் இருந்துவிட்டு வருவது என் வழக்கம். தென்காசியை ஒட்டிய ஊர் அது. என் அக்காளை அங்கேதான் கொடுத்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே குற்றாலத்து மலை தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று முகத்தில் ஈரத்தைத் தடவிவிட்டுப் போகும். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தடவை அங்கே எனக்கு எழுத ஓடவில்லை. காரணம், எட்டாம் வகுப்புப் படிக்கிற என் அக்காள் மகள்.

நான் எழுதிய தொடர்கதை ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்தெடுத்து அக்காள் பைண்டு செய்து வைத்திருக்கிறாள். அதை அந்தப் பெண் எடுத்து வாசித்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்து, கால் கழுவி, காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் வந்து எதிரே நின்றாள்.

"மாமா, அந்தக் குண்டு எங்க போயி விழுந்திச்சு?"

"எந்தக் குண்டும்மா?"

"பதினேழாவது அத்தியாயத்துல ஜமீன்தார் துப்பாக்கிய எடுத்து வானத்தப் பாத்துச் சுட்டாரே, கூட்டம் எல்லாம் கலைஞ்சு ஓடிச்சே, அந்தக் குண்டு."

"அது கதைதானே அம்மா?"

"கதைன்னா குண்டு கீழ விழாதோ?"

"ஏட்டி, மாமா வந்ததும் வராததுமா நோண்டாத" என்று அக்காள் உள்ளேயிருந்து அதட்டினாள். அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெயருக்கு ஏற்றபடி குத்துக்கல் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் அந்த அத்தியாயத்தை எழுதியபோது குண்டைப் பற்றி நினைக்கவே இல்லை. துப்பாக்கியின் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. ஜனங்கள் சிதறி ஓடுவது வேண்டியிருந்தது. ஜமீன்தார் கோபக்காரர்தான், ஆனால் கொலைகாரர் அல்ல என்று வாசகர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆகவே வானத்தை நோக்கிச் சுடச் சொன்னேன். வானம் குண்டை விழுங்கிக்கொண்டது. அடுத்த வாரம் கதை வேறு பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "இதை உன் பள்ளிக்கூடத்தில் கேட்பதுதானே?" என்றேன். கேட்டாளாம். "பரீட்சைக்கு வராத கேள்வியெல்லாம் கேக்காத, உக்காரு" என்று பதில் வந்ததாம்.

இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது அந்தப் பதில்தான். என்னைப் போன்ற கதாசிரியர்கள் பேரிலும், சினிமாக்காரர்கள் பேரிலும், பத்திரிகைக்காரர்கள் பேரிலும், குழந்தைகளை உட்காரச் சொல்கிற பெரியவர்கள் பேரிலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. முதல் பிரதிவாதி நானே என்பதால் கொஞ்சம் காரமாகப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் நான். பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். புத்தகத்தில் இருந்த சூத்திரங்கள் இன்னும் பாதி ஞாபகம் இருக்கின்றன. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கும் அக்காள் வீட்டுத் தென்னை மரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது இந்தப் பெண்ணுக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அறுபது அடி உயரத்துத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுந்தால் இரண்டு விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும். வரும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர். பஸ் போகிற வேகம். அதனால்தான் தென்னைக்கு அடியில் கட்டில் போடாதே என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். அவர்களுக்குச் சூத்திரம் தெரியாது, விஷயம் தெரியும்.

அப்படியானால் மழை? ஒரு கிலோமீட்டர் உயரத்திலுள்ள மேகத்திலிருந்து விழுகிற துளி, காற்று என்று ஒன்று இல்லாவிட்டால், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நம் தலையைத் துளைக்கவேண்டும். துளைப்பதில்லை. ஏன்? துளி வேகமெடுக்க எடுக்க, காற்று அதைக் கீழேயிருந்து தாங்கித் தடுக்கிறது. ஒரு கட்டத்தில் பூமியின் இழுப்பும் காற்றின் தடுப்பும் சமமாகிவிடுகின்றன. அதற்குமேல் வேகம் கூடாது. எவ்வளவு பெரிய துளியாக இருந்தாலும் விநாடிக்குச் சுமார் ஒன்பது மீட்டர்தான். சைக்கிளை மூச்சுவாங்க மிதிக்கிறவனின் வேகம். குற்றாலத்துச் சாரலோ அதைவிடச் சிறு துளி. இன்னும் மெள்ள மெள்ள இறங்குகிறது. சாரல் குத்தாமல் தடவுவதற்கு இதுதான் காரணம்.

அருவிக்கு வருவோம். பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். தண்ணீர் நேராக, தடையில்லாமல் விழுந்தால் கீழே வரும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். அதன் கீழ் தலையைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் நடுவிலே பொங்குமாகடல் என்கிற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகத்தைத் தொலைத்து, பொங்கி வழிந்து, பாறையில் சறுக்கி நம்மிடம் வருகிறது. பாறை செய்த உபகாரத்தால் நாம் உயிரோடு குளித்துவிட்டு வந்து, எண்ணெய் தேய்த்துவிடுகிறவருடன் கூலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வெள்ளம் வரும் நாளில் அந்த உபகாரம் போதாது. 2024-ஆம் வருஷம் மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. சாரலைத் தடவலாக இறக்குவதும், அந்தப் பையனை அடித்துக்கொண்டு போன தண்ணீரை இழுத்ததும் ஒரே விசைதான்.

இப்போது குண்டுக்கு வருகிறேன்.

நேரே மேலே சுட்ட குண்டு என்னவாகும் என்று 1920-ஆம் வருஷத்திலேயே பரீட்சை செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் ஜூலியன் ஹாட்சர் என்பவர் ஃபுளோரிடா கரையோரத்தில், நீரின் நடுவே ஒரு மேடை போட்டு, தலைக்குமேல் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு, ஐந்நூறு குண்டுகளுக்குமேல் வானத்தை நோக்கிச் சுட்டார். எவ்வளவோ கவனமாகக் குறிபார்த்தும் நாலே நாலு குண்டுகள்தான் மேடையில் திரும்பி வந்து விழுந்தன. மற்றவை எல்லாம் எங்கெங்கோ போயின. குண்டு சுமார் 9,000 அடி உயரம் போகிறது என்றும், ஏறுவதற்குப் பதினெட்டு விநாடியும் இறங்குவதற்கு முப்பத்தொரு விநாடியும் ஆகின்றன என்றும் கண்டார். ஏறும்போது வெடிமருந்தின் வேகம். இறங்கும்போது மழைத்துளியைப் பிடித்து நிறுத்திய அதே காற்றின் தடை. தரைக்கு வரும்போது விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர்.

நான் இதைச் சொன்னதும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வீட்டு அண்ணாச்சி சிரித்தார். "அந்த வேகத்துல வந்தா ஆளு சாவ மாட்டான் தம்பி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஹாட்சரின் முடிவும் ஏறக்குறைய அதுதான். அப்படி விழுகிற குண்டின் விசை ஒரு ஆளை வீழ்த்தப் போதும் என்று அந்தக் காலத்து ராணுவம் வைத்திருந்த அளவில் பாதி. தென்னையிலிருந்து விழுகிற தேங்காயின் விசையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குகூட இராது. இதை மறைத்துவிட்டு நான் வாதாட விரும்பவில்லை.

ஆனால் அண்ணாச்சியிடம் நான் இரண்டு கேள்வி கேட்டேன். தேங்காய் தன் விசையை ஒரு உள்ளங்கை அகலத்தில் இறக்குகிறது. குண்டோ விரல் நுனி அகலத்தில் இறக்குகிறது. தைக்கிற ஊசிக்கும் இடிக்கிற உலக்கைக்கும் உள்ள வித்தியாசம் அல்லவா இது? இது முதல் கேள்வி. இரண்டாவது, கூட்டத்தின் நடுவே கோபத்தோடோ குடிமயக்கத்தோடோ பயத்தோடோ நிற்கிறவன், கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் துப்பாக்கியை நேர்க்குத்தாகப் பிடித்தா சுடுகிறான்? சாய்த்துப் பிடித்துத்தான் சுடுவான். நேர்க்குத்தாகப் போன குண்டு உச்சியில் ஒரு கணம் நின்று, தன் பழைய வேகத்தையெல்லாம் இழந்துவிட்டுப் புதிதாக விழுகிறது. சாய்வாகப் போன குண்டு எங்கும் நிற்பதில்லை. கூர்முனையை முன்னே நீட்டியபடி, மிச்சமுள்ள வேகத்தோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டுக் கூரைக்குப் போய்ச் சேருகிறது. அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தார்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வைத்தியர்கள் 1985 முதல் 1992 வரை இப்படி வானத்திலிருந்து வந்த குண்டுகளால் காயம்பட்டு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். 118 பேர். அவர்களில் 38 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோருக்குக் காயம் தலையில். வேறு எங்கே படும்? வானத்திலிருந்து வருகிற எதுவும் முதலில் காண்பது நம் தலையைத்தானே!

அமெரிக்காவை விடுங்கள். புதுக்கோட்டைக்கு வாருங்கள். நார்த்தாமலைக்கு அருகில் பசுமலைப்பட்டியில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் தளம் இருந்தது. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடினான். அந்தக் குண்டு வானத்தை நோக்கிச் சுட்டதல்ல; இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகிய இடத்திலிருந்து வந்தது. அப்படி இருந்தும் ஒரு குழந்தையைத் தேடிப் போயிற்று என்றால், இலக்கே இல்லாமல் சுட்டது என்ன செய்யும்?

பயிற்சித் தளத்திலிருந்து அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்று அன்று பலர் வியந்தார்கள். வியப்புக்கு இடமே இல்லை. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். நெஞ்சு உயரத்தில் துப்பாக்கியைத் தரைக்குச் சமமாகப் பிடித்துச் சுடுகிறோம். அதே கணத்தில், அதே உயரத்திலிருந்து, இன்னொரு குண்டைக் கையிலிருந்து நழுவ விடுகிறோம். எது முதலில் தரையைத் தொடும்? காற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் தொடும். இந்தத் தத்துவத்தைக் கலிலியோ 1638-இல் அச்சேறிய தம் நூலில் நிறுவிவிட்டார். பூமி, வேகமாகப் போகிறவனுக்கென்று தனிச் சலுகை காட்டுவதில்லை. இரண்டையும் அரை விநாடியில் கீழே இழுத்துவிடுகிறது. அந்த அரை விநாடிக்குள் துப்பாக்கிக் குண்டு நானூறு மீட்டர் போகும். அவ்வளவுதான். ஆனால் குழாய் ஒரு சில டிகிரி மேலே தூக்கியிருந்தால் போதும், நானூறு இரண்டாயிரமாகிவிடும். பார்த்தால் தெரியாத சாய்வு. அதனால்தான் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும், பக்கத்தில் குடியிருப்பு கூடாது என்கிறார்கள். அந்தச் சில டிகிரி ஒரு குழந்தையின் உயிர். இது பரீட்சைக்கு வராத கேள்வியா?

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சிறுவனாக இருந்தபோது சிற்றாற்றங்கரையில் நின்று, எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பார்ப்பேன். துணி கல்லில் அடிபடுவது கண்ணுக்கு முதலில் தெரியும். 'தொப்' என்ற சத்தம் துணியை மறுபடி ஓங்கும்போது வந்து சேரும். சத்தம் விநாடிக்கு 340 மீட்டர்தான் நடக்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது மூன்று எண்ணியிருந்தால் இடி விழுந்த இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. இதை எந்தக் குழந்தைக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் நம் சினிமாவில் என்ன நடக்கிறது? இருநூறு மீட்டர் தள்ளி 'டுமீல்' என்று கேட்கிறது. கதாநாயகர் அதைக் கேட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். குண்டு காதோரமாகப் போகிறது. ராணுவத் துப்பாக்கியின் குண்டு கிளம்பும்போது சத்தத்தைவிட இரண்டு மடங்குக்குமேல் வேகமாகக் கிளம்புகிறது. இருநூறு மீட்டரில் சத்தம் பாதி வழி வருவதற்குள் குண்டு காரியத்தை முடித்துவிடும். சத்தம் கேட்டு விலகலாம் என்று நம்புகிறவனை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம். நானும் என் பங்குக்கு இரண்டு நாவல்களில் வளர்த்திருக்கிறேன்.

இலக்கிய நண்பர் ஒருவரிடம் இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டேன். "கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை. நீர் ஏன் அலட்டிக்கொள்கிறீர்? வாசகன் உணர்ச்சியைத் தேடி வருகிறான், பௌதிகத்தையா தேடி வருகிறான்?" என்றார். கதைக்குக் கால் இல்லாமலிருக்கலாம். குண்டுக்கு எடை உண்டு. என் ஜமீன்தார் நல்ல மனசுக்காரர் என்று காட்டத்தானே வானத்தை நோக்கிச் சுட வைத்தேன்? அந்தக் குண்டு அடுத்த தெருவில் ஒரு தாயின் மடியில் விழுந்திருக்கும் என்றால், அந்த நல்ல மனசு என்ன ஆகிறது? நான் எழுப்பிய உணர்ச்சியே பொய்யாகிவிடுகிறது. பௌதிகம் தவறியதால் தர்மம் தவறிவிட்டது. இதை இலக்கியப் பிரச்னை அல்ல என்று எப்படிச் சொல்வது?

பத்திரிகைகளைப் பாருங்கள். எங்கேனும் கலவரம் என்றால் 'போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்று ஆறுதலாக ஒரு வரி வரும். படித்துவிட்டு நாமும் 'நல்லவேளை' என்று தாளைத் திருப்புகிறோம். ஆனால் போலீஸ்காரர்களின் விதி என்ன தெரியுமா? 1964-இல் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல்களின் மாநாடு ஏற்றுக்கொண்ட மாதிரி விதிகளிலே, எச்சரிக்கைக்காக வானத்தில் சுடுவதும் கூட்டத்தின் தலைக்குமேல் சுடுவதும் கூடாது என்று கண்டிருக்கிறது. கலகத்தில் சம்பந்தப்படாத எவனோ ஒருவன் தூரத்தில் சாவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. வட நாட்டுக் கல்யாணங்களில் மகிழ்ச்சிக்காகத் துப்பாக்கி சுட்டுப் பல உயிர்கள் போன பிற்பாடு, 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்காகச் சுடுகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் கேட்ட கேள்வியை நாடு முழுவதும் முன்னமே கேட்டிருந்தால், இந்தச் சட்டத்துக்கு அவசியமே வந்திராது.

வாத்தியார்களை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பாடத்தை முடிக்கவேண்டும். மார்க் வாங்கிக் காட்டவேண்டும். அந்த மார்க்கைக் கேட்டு நச்சரிப்பவர்கள் நாம்தான். எங்கள் பக்கத்துச் செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது எந்த வருஷம் என்றால், 1911 என்று எந்தப் பிள்ளையும் எழுதும், மார்க் கிடைக்கும். குண்டு எப்படிப் போகிறது என்று கேட்டால் உட்காரச் சொல்லுகிறோம். உட்கார்ந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, ஒருவர் பயிற்சித் தளத்துக்கு இடம் பார்க்கிறார். ஒருவர் பத்திரிகையில் செய்தி எழுதுகிறார். ஒருவர் என்னைப்போல் தொடர்கதை எழுதுகிறார்.

தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. 'எனக்குத் தெரியாது, வா, பார்ப்போம்' என்று சொல்லலாம். ஒரு கல்லையும் ஒரு காகிதத்தையும் மாடியிலிருந்து போட்டுப் பார்க்கக் காசு செலவாகாது. பிறகு காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கிப் போட்டுப் பார்க்கட்டும். காற்று என்ன செய்கிறது என்பது தானே விளங்கிவிடும். 1971-இல் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்காட், ஒரு சுத்தியலையும் ஒரு சிறகையும் சேர்த்துப் போட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. சந்திரனுக்குப் போன பெரிய மனிதருக்கே போட்டுப் பார்க்கும் ஆசை போகவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் போகவேண்டும்?

ஊருக்குப் புறப்படுகிற அன்று அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். அந்த நாவல் மறுபதிப்பு வரும்போது பதினேழாவது அத்தியாயத்தைத் திருத்துகிறேன், குண்டு விழுந்த இடத்தையும் எழுதிவிடுகிறேன் என்றேன். எங்கே விழச் செய்வது என்று அவளிடமே யோசனை கேட்டேன். ஓட்டுக் கூரையா, மாட்டுத் தொழுவமா, திண்ணையில் தூங்குகிற கிழவரா?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"யார் மேலயும் விழ வேண்டாம் மாமா. ஜமீன்தாரச் சுட வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

அப்படியே எழுதப்போகிறேன். கூட்டத்தைக் கலைக்க வேறு வழி கண்டுபிடிக்கவேண்டியது என் பாடு.